வருமான வரி இல்லாத மாநிலம் யாருக்கு மலிவு?

கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸுக்கு மாற யோசிக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "அங்கே மாநில வருமான வரியே கிடையாது. அப்போது எல்லாருக்கும் வரி குறைவுதானே? என் தம்பியும் குடும்பத்தோடு வரட்டுமா என்று கேட்கிறான். அவன் ஓர் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறான், என்னைப் போல மென்பொருள் சம்பளம் இல்லை. ஏழைகள் வரியே கட்டுவதில்லை, எல்லாம் சம்பாதிக்கிறவன் தலையில்தான் என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியா?"

முதலில் நேரடியான பதில். உங்களுக்கு வரி குறையும், நன்றாகவே குறையும். உங்கள் தம்பிக்கு அநேகமாகக் குறையாது, கொஞ்சம் கூடினாலும் ஆச்சரியமில்லை. அலுவலகப் பேச்சு ஃபெடரல் அரசு, அதாவது மத்திய அரசு, வாங்கும் வருமான வரியைப் பொறுத்தவரை ஓரளவு சரி. மாநிலமும் கவுன்ட்டியும் (நம் மாவட்டம் போன்றது) நகரமும் வாங்கும் வரிகளை எடுத்துக்கொண்டால் அது தலைகீழ்.

காரணம் எளிது. பள்ளிக்கூடம், சாலை, போலீஸ், சிறை என்று எந்த மாநிலத்துக்கும் செலவு உண்டு. வருமான வரி வேண்டாம் என்று சொன்னால் அந்தச் செலவு மறைந்துவிடாது, வேறொரு வரி அந்த இடத்துக்கு வரும். ஆகவே ஒரு மாநிலத்தில் எந்த வரி இல்லை என்பதோடு நிறுத்திவிடாமல், அது இல்லாத இடத்தை எது நிரப்புகிறது என்றும் பார்க்க வேண்டும். டெக்சாஸில் அந்த இடத்தை நிரப்புவது விற்பனை வரியும் சொத்து வரியும்.

விற்பனை வரியில் ஒரு சின்னக் கணக்கு போடலாம். டெக்சாஸ் மாநிலம் வாங்குவது 6.25 சதவீதம். அதற்கு மேல் நகரமும் மற்ற உள்ளாட்சி அமைப்புகளும் 2 சதவீதம் வரை சேர்க்கலாம். பெரிய நகரங்கள் எல்லாமே சேர்த்துக்கொண்டன, ஆக 8.25. உங்கள் தம்பி வருடத்துக்கு 30,000 டாலர் சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். வாடகைக்கும் மளிகைக்கும் அங்கே விற்பனை வரி இல்லை. மீதியில் துணி, சோப்பு, போன், வெளியில் சாப்பாடு என்று 14,000 டாலருக்கு வரி விழும் செலவு செய்தால் வரி 1,155 டாலர். வருமானத்தில் 3.85 சதவீதம். இப்போது ஆண்டுக்கு 5,00,000 டாலர் சம்பாதிக்கும் ஒரு குடும்பம். தாராளமாக 80,000 டாலருக்குப் பொருள் வாங்கட்டும். வரி 6,600 டாலர், வருமானத்தில் 1.32 சதவீதம். டாலர் கணக்கில் பணக்காரக் குடும்பம் ஆறு மடங்குக்கு அருகில் கட்டுகிறது. வருமானத்தில் பங்கு என்று பார்த்தால் தம்பி கட்டுவது மூன்று மடங்கு. எண்கள் நான் உதாரணத்துக்கு எடுத்தவைதான், ஆனால் யாருடைய கணக்கைப் போட்டாலும் இதே சாய்வுதான் வரும். வருமானம் ஏறும்போது செலவு அதே வேகத்தில் ஏறுவதில்லை. மிஞ்சுவது சேமிப்புக்குப் போகிறது, பங்குகளுக்குப் போகிறது. பங்கு வாங்கும்போது யாரும் 8.25 சதவீதம் கேட்பதில்லை.

நம் ஊர் பொருளாதாரப் பாடப்புத்தகத்தில் இதற்குத் தேய்வுவீத வரி என்று பெயர். வருமானம் கூடக் கூட வரி விகிதம் தேய்ந்துகொண்டே போகும். வருமானத்தோடு விகிதமும் ஏறினால் அது வளர்வீத வரி. மாநில வருமான வரிகளில் பல இந்த இரண்டாவது வகை.

விற்பனை வரியில் இன்னொரு விஷயம் பலர் கண்ணில் படுவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் அது பொருளுக்குத்தான், சேவைகளில் பெரும்பகுதி அதற்கு வெளியே இருக்கிறது. பிள்ளைக்கு ஷூ வாங்கினால் பல இடங்களில் வரி உண்டு, வக்கீலுக்கும் கணக்காளருக்கும் கொடுக்கும் கட்டணத்துக்குப் பெரும்பாலும் இல்லை. இந்த வரி 1930-களில், பெருமந்தத்தின்போது மாநிலங்களின் கஜானா காலியானபோது பரவியது. அன்றைக்கு மக்கள் செலவழித்ததில் பெரும்பகுதி பொருளுக்கு. இன்றைக்கு அப்படி இல்லை, சட்டம் மட்டும் பெரும்பாலும் அங்கேயே நிற்கிறது. சிகரெட், பெட்ரோல், பீர் மீதான வரிகள் இன்னும் மோசம். அவை விலையின் சதவீதமாகக்கூட இல்லாமல் பாக்கெட்டுக்கு இவ்வளவு, காலனுக்கு இவ்வளவு என்று வாங்கப்படுகின்றன. நியூயார்க்கில் ஒரு சிகரெட் பாக்கெட்டுக்கு மாநில வரி மட்டும் 5.35 டாலர். கோடீஸ்வரருக்கும் அதே, இரவுக் காவலாளிக்கும் அதே. புகைப்பதைக் குறைக்க அது உதவுகிறது என்பது உண்மை, எனக்கும் அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அந்தப் பணத்தை வைத்து பட்ஜெட்டை ஓட்டப் பழகிக்கொள்வது வேறு விஷயம்.

சரி, சொத்து வரி. "நான் வாடகை வீட்டில் இருக்கிறேன், எனக்கேது சொத்து வரி" என்று உங்கள் தம்பி சொல்லலாம். வீட்டுக்காரர் அதைத் தன் கையிலிருந்து கட்டுகிறார் என்று நினைக்க வேண்டாம். காலப்போக்கில் அதில் பெரும்பங்கு வாடகையில் ஏறிவிடும். எவ்வளவு ஏறும் என்பதில் பொருளாதார அறிஞர்களிடையே நீண்ட சண்டை இருக்கிறது, ஏறவே ஏறாது என்று சொல்பவர் மிகக் குறைவு. டெக்சாஸில் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்குப் பள்ளி மாவட்டம், அதாவது பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு, வாங்கும் சொத்து வரியில் ஒரு சலுகை உண்டு. வீட்டு மதிப்பில் முதல் 1,00,000 டாலருக்கு வரி இல்லை என்று 2023-இல் ஆக்கினார்கள், 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 1,40,000 ஆக உயர்த்தினார்கள். 3,00,000 டாலர் வீடு என்றால் பாதிக்கு மேல்தான் கணக்கில் வரும். நல்ல சலுகைதான். அபார்ட்மென்ட் கட்டடத்துக்கு இது கிடையாது. அதாவது வீடு வாங்க முடிந்தவருக்கு நிவாரணம், வாங்க முடியாதவருக்கு முழு பில், அதுவும் வாடகைக்குள் ஒளிந்து. விஸ்கான்சின் 1964-லேயே வேறு வழி காட்டியது. வருமானத்தோடு ஒப்பிட்டுச் சொத்து வரி அளவு மீறினால் மீறிய பகுதியைத் திருப்பித் தரும் முறை அது. மின்சாரத்தில் சர்க்யூட் பிரேக்கர் செய்யும் வேலை என்பதால் அதே பெயர் வைத்தார்கள். சில மாநிலங்கள் இதை வாடகைக்காரருக்கும் நீட்டுகின்றன, வாடகையில் ஒரு பங்கைச் சொத்து வரி என்றே கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு எளிமையான, இவ்வளவு குறைவாகப் பயன்படும் யோசனை வேறில்லை.

எல்லா வரியையும் சேர்த்தால் என்ன ஆகும்? ஐடெப் என்று அழைக்கப்படும் வரி ஆய்வு நிறுவனம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஐம்பது மாநிலங்களையும் கணக்கிடுகிறது. கடைசியாக வந்தது 2024 ஜனவரியில். நாடு முழுக்கச் சராசரியாக, அடிமட்ட 20 சதவீதக் குடும்பங்கள் தங்கள் வருமானத்தில் 11 சதவீதத்துக்கு மேல் மாநில, உள்ளாட்சி வரியாகக் கொடுக்கின்றன. நடுவில் இருப்பவர்கள் 10.5 சதவீதத்தை ஒட்டி. உச்சியில் உள்ள 1 சதவீதத்தினர் 7 சதவீதத்தை ஒட்டி. 41 மாநிலங்களில் அந்த உச்சி 1 சதவீதத்தின் விகிதம் மற்ற எல்லாரையும்விடக் குறைவு. இந்தச் சாய்வில் முதலிடம் ஃப்ளோரிடாவுக்கு. அங்கே அடிமட்டத்தில் சுமார் 13 சதவீதம், உச்சியில் 3 சதவீதத்துக்கும் கீழே. டெக்சாஸும் முதல் பத்துக்குள் வருகிறது. ஐடெப் இடதுபக்கம் சாய்ந்த அமைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். விமர்சனங்கள் உண்டு, அவற்றுக்குக் கீழே வருகிறேன். சாய்வு எந்தத் திசையில் என்பதில் பெரிய தகராறு இல்லை.

இது யாரோ உட்கார்ந்து திட்டமிட்ட சதியா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். பாதி பழைய சட்டங்களின் மிச்சம். வாஷிங்டன் மாநிலத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1932-இல், விவசாயிகள் சொத்து வரியில் மூழ்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்த மாநில மக்கள் படிப்படியாக ஏறும் வருமான வரிக்குச் சுமார் 70 சதவீத ஆதரவோடு வாக்களித்தார்கள். அடுத்த ஆண்டே மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வருமானமும் ஒருவகைச் சொத்து, சொத்துக்கு ஒரே சீரான வரிதான் போட வேண்டும் என்பது தீர்ப்பு. அப்புறம் பலமுறை வாக்கெடுப்பு நடத்தியும் மக்கள் வருமான வரியை ஏற்கவில்லை. இதனால் என்ன ஆனது தெரியுமா? மைக்ரோசாஃப்டும் அமேசானும் வளர்ந்த மாநிலம், அரசியலில் தாராளவாதிகளின் கோட்டை, ஐடெப்பின் 2018 கணக்கெடுப்பில் நாட்டிலேயே ஏழைகள் மீது மிக அதிகமாகச் சாய்ந்த வரி அமைப்பு என்ற பெயரை வாங்கியது. அரசியல் நிறத்துக்கும் வரி நியாயத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2021-இல் ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். பங்கு போன்றவற்றை விற்று 2,50,000 டாலருக்கு மேல் லாபம் பார்த்தால் அந்த மேல்பகுதிக்கு 7 சதவீதம். இது வருமான வரி அல்ல, விற்கும் செயலின் மீதான வரி என்று வாதிட்டார்கள், 2023 மார்ச்சில் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. கூடவே குறைந்த வருமானக் குடும்பங்களுக்குப் பணம் திருப்பித் தரும் திட்டமும் தொடங்கியது. 2024 கணக்கில் அந்த மாநிலம் முதலிடத்திலிருந்து இரண்டாம் இடத்துக்கு இறங்கியது. அவ்வளவுதான், ஒரே ஒரு படி. அதே 2023 நவம்பரில் ஜெஃப் பெசோஸ் சியாட்டிலை விட்டு மயாமிக்குப் போவதாக அறிவித்தார். பெற்றோருக்கு அருகில் இருப்பதற்காகவும் தன் விண்வெளி நிறுவனப் பணிகளுக்காகவும் என்றார். மயாமி ஃப்ளோரிடாவில் இருக்கிறது என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

அலபாமாவின் கதை இன்னும் மனதைத் தொடுவது. அதன் 1901 அரசியல் சட்டம் நில உரிமையாளர்களின் கை ஓங்கியிருந்தபோது எழுதப்பட்டது. சொத்து வரிக்கு அரசியல் சட்டத்திலேயே கடிவாளம். பின்னால் வந்த வருமான வரிக்கு உச்சவரம்பு 5 சதவீதம். ஃபெடரல் வருமான வரியாகக் கட்டியதை மாநில வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் அனுமதி உண்டு, அதனால் அங்கே அதிகம் கட்டுபவருக்கே இங்கே அதிகச் சலுகை. 2003-இல் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆண்டுக்கு 4,600 டாலர் சம்பாதித்தாலே அங்கே வருமான வரி தொடங்கியது. வறுமைக் கோட்டின் கால்பங்கு அது. அப்போது ஆளுநராக இருந்த பாப் ரைலி குடியரசுக் கட்சிக்காரர், அதற்கு முன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் வரி உயர்வை எதிர்த்துவந்தவர். ஏழையிடம் இப்படி வாங்குவது கிறிஸ்தவ நெறிக்கு ஒத்ததில்லை என்று வெளிப்படையாகப் பேசி, 1.2 பில்லியன் டாலர் வரிச் சீர்திருத்தத்தை மக்கள் வாக்குக்கு விட்டார். செப்டம்பர் 9 அன்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளில் அது தோற்றது. யாருக்குச் சுமை குறைந்திருக்குமோ அவர்களிலும் பலர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அரசாங்கம் வரியை மாற்றுகிறேன் என்றால் கடைசியில் நம் பையில்தான் கைவைக்கும் என்ற நம்பிக்கையின்மை அது. அவர்கள் முட்டாள்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அதுவரை நடந்ததெல்லாம் அப்படித்தான் இருந்தது. 4,600 என்ற வரம்பை 2006-இல் 12,600 ஆக உயர்த்தினார்கள். மளிகைப் பொருளுக்கான மாநில விற்பனை வரி அங்கே 2023 வரை 4 சதவீதம். பிறகு 3, இப்போது 2.

ஒருபக்கம் குறைத்தால் மறுபக்கம் ஏறும் என்றேனே, அதைக் கண்முன் பார்த்தது கான்சாஸ். 2012-இல் வருமான வரியைப் பெரிதாக வெட்டினார்கள், பலவகைத் தொழில் வருமானத்துக்கு வரியையே நீக்கினார்கள். பட்ஜெட் ஓட்டையானது. 2015-இல் விற்பனை வரியை 6.15-லிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தினார்கள், அப்போது அங்கே பால், ரொட்டிக்கும் முழு விற்பனை வரி. 2017-இல் சட்டமன்றமே, அதுவும் ஆளுநரின் தடையை மீறி, அந்த வருமான வரி வெட்டின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது.

ஒரே விகிதம் எல்லாருக்கும் என்றால் நியாயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. பென்சில்வேனியாவில் மாநில வருமான வரி எல்லாருக்கும் 3.07 சதவீதம். படிக்கட்டு வரி போட அதன் அரசியல் சட்டம் விடாது. அதன் மேல் பெரும்பாலான ஊர்கள் தனியாக ஒரு வரி போடுகின்றன, அது சம்பளத்துக்கும் தொழில் லாபத்துக்கும்தான். வட்டி, டிவிடெண்ட், பங்கு விற்ற லாபம் அதில் வராது. மணிக்கணக்கில் உழைத்து வாங்கும் பணத்துக்கு வரி, பணம் பெற்ற பணத்துக்கு இல்லை. இதைச் சமம் என்று எப்படிச் சொல்வது?

கலிஃபோர்னியா மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. 1978-இல் மக்கள் நிறைவேற்றிய 13-ஆவது முன்மொழிவு வீட்டின் வரி மதிப்பை ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவிடாது, வீடு கைமாறினாலோ புதிதாகக் கட்டினாலோதான் மறுபடி மதிப்பிடும். பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே அளவு, ஒரே தெரு. 1975-இலிருந்து இருப்பவர் கட்டுவதைப்போல ஐந்து மடங்கு புதிதாக வந்தவர் கட்டினார் என்று லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெண்மணி வழக்குப் போட்டார். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லும் என்றது. உங்களைப்போலப் பிற்பாடு வீடு வாங்கிய நம்மவர்கள்தான் அந்த வித்தியாசத்தைச் சுமக்கிறவர்கள். ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் அந்த மாநிலத்தில் ஏழையும் பெரும்பணக்காரரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், 12 சதவீதத்தை ஒட்டிக் கட்டுகிறார்கள். 10,00,000 டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு 13.3 சதவீதம் வரை போகும் வருமான வரிதான் அந்தச் சமநிலையைத் தருகிறது.

மதிப்பீட்டிலேயே நியாயம் தவறுவதும் உண்டு. சிகாகோ இருக்கும் குக் கவுன்ட்டியில் மலிவான வீடுகளை உண்மை விலையைவிட அதிகமாகவும், விலையுயர்ந்த வீடுகளைக் குறைவாகவும் மதிப்பிட்டு வந்தார்கள் என்று 2017-இல் பத்திரிகைகள் ஆதாரத்தோடு எழுதின. பணக்காரர்கள் வக்கீல் வைத்து மேல்முறையீடு செய்கிறார்கள், மற்றவர்கள் பில் வந்ததும் கட்டிவிடுகிறார்கள். 2018-இல் அந்த மதிப்பீட்டு அதிகாரி உட்கட்சித் தேர்தலில் தோற்றார். இது எந்த ஊரானாலும் பொருந்தும்: மதிப்பீட்டு நோட்டீஸ் வந்தால் மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள்.

இனி மறுபக்கம். பணக்காரர்கள் டாலரில் மிக அதிகம் கட்டுகிறார்கள் என்பது உண்மை. கலிஃபோர்னியாவின் வருமான வரியில், ஆண்டைப் பொறுத்து, சுமார் 40 முதல் 50 சதவீதத்தை உச்சி 1 சதவீதத்தினர்தான் தருகிறார்கள், அதனால் பங்குச் சந்தை விழுந்தால் பட்ஜெட்டும் விழுகிறது. வளர்வீத வரிக்கு இது உண்மையான விலை, ஆதரிப்பவர்கள் இதை மறைக்கக் கூடாது. இரண்டாவது, ஒரு வருட வருமானத்தை வைத்து ஏழை என்று சொல்வதில் சிக்கல் உண்டு. மாணவர், ஓய்வுபெற்றவர், அந்த வருடம் மட்டும் நஷ்டப்பட்ட வியாபாரி எல்லாரும் அடிமட்டத்தில் வந்து நிற்பார்கள். வாழ்நாள் கணக்குப் பார்த்தால் விற்பனை வரியின் சாய்வு குறையும். குறையுமே தவிர மறையாது. மூன்றாவது, ஃபெடரல் வரியையும் சேர்த்துப் பார்த்தால் மொத்த அமைப்பு வளர்வீதமாகவே இருக்கிறது, மாநிலங்கள் ஏன் கவலைப்பட வேண்டும் என்பது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு கை கொடுப்பதை இன்னொரு கை பிடுங்குவதற்கு அது காரணமாகாது.

பணக்காரர்கள் ஊரைக் காலி செய்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. சிலர் போகிறார்கள், மறுப்பதற்கில்லை. மாசசூசெட்ஸ் 2022-இல் 10,00,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்குக் கூடுதலாக 4 சதவீதம் போட வாக்களித்தது. 2024 நிதியாண்டில் அது 2 பில்லியன் டாலருக்கு மேல் கொண்டுவந்தது, எதிர்பார்த்ததைவிட அதிகம். பள்ளி, வேலை, நண்பர்கள் என்று வேர் பிடித்த குடும்பம் வரிக்காக மட்டும் கிளம்புவது அரிது. வேறு காரணத்துக்காகக் கிளம்பும்போது வரியையும் பார்ப்பது மனித இயல்பு. நீங்களே அதைத்தான் செய்கிறீர்கள், அதில் தவறும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருவோம். கலிஃபோர்னியாவில் நீங்கள் அநேகமாக 9.3 சதவீதப் படியில் இருப்பீர்கள். டெக்சாஸில் அது பூஜ்யம், 2019-இல் தனிநபர் வருமான வரியை அரசியல் சட்டத்திலேயே தடை செய்துவிட்டார்கள். வீடு வாங்கினால் சொத்து வரி விகிதம் கலிஃபோர்னியாவைவிட அதிகமாக இருக்கும். வாங்கும் முன் கவுன்ட்டி, பள்ளி மாவட்டம், தண்ணீர்-வடிகால் மாவட்டம் எல்லாவற்றின் விகிதத்தையும் கூட்டிப் பாருங்கள், விற்பவரின் பழைய பில்லை நம்பாதீர்கள். அவருக்கு இருந்த சலுகையும், வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற உச்சவரம்பும் உங்களுக்கு அப்படியே வராது.

தம்பிக்கு வருமான வரியில் மிச்சமாவது சொற்பம், ஏனென்றால் 30,000 டாலருக்குக் கலிஃபோர்னியாவில் அவர் கட்டுவதே சொற்பம். சிறு பிள்ளைகள் இருந்தால், வருமானத்தைப் பொறுத்து அங்கே மாநிலமே அவருக்குப் பணம் தரும். டெக்சாஸில் மாநில வரிக் கணக்கே இல்லாததால் அப்படித் தரும் வழியும் இல்லை. ஆனால் கலிஃபோர்னியா வாடகைக்காரருக்குத் தரும் வரிச்சலுகை தம்பதிக்கு ஆண்டுக்கு 120 டாலர்தான், ஒரு நாள் வாடகைக்குக் கொஞ்சம் மேலே. வாடகை மாதம் 800, 1,000 டாலர் குறையும் ஊரைத் தம்பி பார்த்து வைத்திருந்தால், இவ்வளவு நேரம் நான் சொன்ன வரிக் கணக்கு அவருடைய முடிவை மாற்றாது. அவர் எந்த ஊரில் வேலை தேடி வைத்திருக்கிறார், வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, வயது என்ன என்று சொன்னால் மீதியைப் போட்டுப் பார்க்கலாம்.